மூணாம் நாளே சரியான வண்டி

பீரோவைத் தனியாத் தூக்க முடியாதுங்க தம்பி. அந்தக் காலத்து இரும்பு, இடுப்பைப் புடிச்சுக்கும். உங்க கூட்டாளி சாப்பிட்டுட்டு வரட்டும், நானும் ஒரு கை போடறேன். அதுவரைக்கும் இந்த நாற்காலில உக்காருங்க. ஃபேன் போடறேன்.

கட்டில், புஸ்தகப் பெட்டி, தையல் மிஷின், பீரோ. அவ்வளவுதான சொல்லி விட்டுச்சு? சீட்டுல எழுதியே குடுத்துச்சா? சரி சரி. நான் எதையும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லலீங்க. எல்லாம் பாப்பாவோடதுதான்.

வந்ததும் கேட்டீங்களே, டாக்டரம்மாவே கூட வந்திருக்கலாமேன்னு. வந்திருக்கலாம். வராது. ஒரு மாசமாச்சு, இந்த வாசல்ல கால் வைக்கல. ஊருக்குள்ள ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. நீங்க வெளியாளு. உங்ககிட்டச் சொல்றதுல எனக்கு ஒண்ணுமில்ல. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, பெத்தவன் செய்யாததையா நான் செஞ்சுட்டேன்னு.

என் பேரு நாச்சிமுத்து. கரண்ட் ஆபீஸ்ல முப்பத்திநாலு வருஷம் லைன்மேன். இந்த அந்தியூர்ல நான் ஏறாத கம்பம் இல்லீங்க. ரிட்டையர் ஆகி நாலு வருஷமாச்சு. வீட்டுக்காரி ஓசூர்ல பையன் வீட்ல இருக்கறா. பேத்தி பொறந்தப்ப ஒத்தாசைக்குப் போனவ, பேத்தி பள்ளிக்கூடம் போறவரைக்கும் வர முடியாதுன்னுட்டா. அதனால ரெண்டு வருஷமா இந்த வீட்ல நானும் பாப்பாவும் மட்டும்தான். ரேணுகாதேவின்னு பேரு. எனக்குப் பாப்பாதான்.

மாட்டாஸ்பத்திரில ஆய்வாளர் உத்தியோகம். மலைமேல ஏழெட்டு ஊரு அதோட பொறுப்பு. ஊசி போடறது, சினை பாக்கறது, கன்னு ஈண முடியாம கெடக்கற மாட்டுக்குக் கை குடுக்கறது எல்லாம் அதுதான். டாக்டர்னு ஒருத்தர் கீழ இருக்கறாரு. ஆனா அவரு மேல போய்ச் சேர்றதுக்குள்ள முதல்ல போய் நிக்கறது என்ற மகதான். மலைக்காரங்க அதைத்தான் டாக்டரம்மாங்கறாங்க.

வேலைக்குப் போன ரெண்டாம் வருஷம் சொந்தச் சம்பளத்துல வண்டி வாங்குச்சு. ஸ்கூட்டர் வாங்கு அம்மிணின்னு சொன்னேன். "அது மலை ஏறாதுப்பா"ன்னு சொல்லிட்டு, கறுப்புல நூத்தம்பது சிசி மோட்டார் பைக் வாங்கிட்டு வந்து நிறுத்துச்சு. ஆம்பிளைக ஓட்டற வண்டி. நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க. சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் குடுத்தேன், டயருக்குக் காத்துப் பாத்துக் குடுத்தேன். ஆனா உங்களுக்கே தெரியும், நீங்க அந்த ரோட்ல லோடு அடிக்கற ஆளு. வளைவுக்கு வளைவு ஆனை நிக்கும். மழை பேஞ்சா கல்லு உருளும். பாப்பா சாயங்காலம் பொழுதோட ஏழு மணிக்கு வரும், எட்டு மணிக்கு வரும். அதுவரைக்கும் நான் இங்க, இதே நாற்காலில. சோறு ஆறிப்போகும்.

ஆடிப் பதினெட்டு முடிஞ்ச மறு வாரம்னு நெனைக்கறேன். நல்ல மழைல நனைஞ்சு வந்துச்சு. "அப்பா, மீட்டர்ல ஒரு மஞ்ச லைட்டு எரியுது, எஞ்சின் படம் போட்டிருக்கு. மேடு ஏறினா வண்டி இருமுது"ன்னுச்சு. சாதிக் கடைல விட்டுடறேன்னு கெளம்புச்சு. சாதிக் தெரியுமில்ல, பஸ் ஸ்டாண்டு பின்னாடி மெக்கானிக்கு. நான்தான், "முப்பத்திநாலு வருஷம் ஒயர்ல கை வச்சவன் வீட்ல இருக்கறப்ப எதுக்கு அம்மிணி மெக்கானிக்கு? இதெல்லாம் கரண்ட்டு கேசு. நான் பாக்கறேன்"னு சொன்னேன். அதுக்குச் சந்தோசம். "சரிங்கப்பா, ரெண்டு நாள் பஸ்ல போய்க்கறேன்"னுடுச்சு.

ஒழுங்காத்தாங்க பாத்தேன். அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாது. முதல் நாள் பேட்டரி. டெர்மினல் ரெண்டையும் கழட்டித் தேச்சு, முடுக்கி, மீட்டர் வச்சுப் பாத்தேன். கரெக்டா இருந்துச்சு. அப்பறம் ஃபியூஸ் ஒண்ணொண்ணா. ரெண்டாம் நாள் எர்த் ஒயர். வண்டில பாதிக் கோளாறு எர்த்துலதான் வரும், பெயின்ட் மேல போல்ட்டு வச்சு முடுக்கியிருப்பான். அதையும் சொரண்டி விட்டேன். லைட்டு அணையல. மூணாம் நாள் பெட்ரோல் டேங்கைத் தூக்கிட்டு, வயரிங்கை விரல்ல தடவிக்கிட்டே போனேன். எஞ்சினுக்குக் காத்துப் போற எடத்துல ஒரு சென்சார், நீங்க ஆக்சிலேட்டர் எவ்வளவு முறுக்கறீங்கன்னு அதுதான் பாத்துச் சொல்லும். அதுக்குப் போற ஒயரோட நுனில மாட்டற கப்ளர் சரியா உக்காராம இருந்துச்சு. கழட்டிப் பாத்தா உள்ள தண்ணி போய்ப் பச்சை பூத்துக் கெடக்குது. சும்மா ஒரு பிரஷ்ஷு, துளி பெட்ரோல். தேச்சு, காய விட்டு, 'டக்'குனு சத்தம் வர்ற மாதிரி அமுக்கினேன். சாவி போட்டேன். லைட்டு எரிஞ்சு, அணைஞ்சுது.

வாய்க்கா மேடு வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். இருமலே இல்ல. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுங்களா? ரிட்டையர் ஆனதுக்கப்பறம் ஒருத்தரும் என்னை ஒரு வேலைக்குக் கூப்பிடல தம்பி. பாப்பா வரட்டும்னு வண்டியைத் தொடைச்சு வாசல்ல நிறுத்தினேன்.

அஞ்சரைக்கு பஸ் எறங்கி வந்துச்சு. போன் பேசிக்கிட்டே கேட்டைத் தொறந்துச்சு. யாரோ மலைக்காரங்ககிட்ட. "நாளைக்கு வண்டி ரெடியாயிடும். இனிமே பொழுதோட பால் கறக்கற நேரத்துக்கே வந்து பாக்கறேன், இருட்டினாலும் பரவால்ல. மேல ஒரு ரூம் கெடைச்சாக்கூட வாரத்துல ரெண்டு நாள் தங்கிக்கறேன்." அப்படிச் சொல்லிட்டே வந்து, போனை வச்சுட்டு, "என்னாச்சுப்பா வண்டி?"ன்னு கேட்டுச்சு.

நான் "சரியாயிடுச்சு"ன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சத்தியமா. "இன்னும் பாக்கோணும் அம்மிணி"ன்னு வந்துடுச்சு.

வந்துடுச்சுங்க. திட்டம் போட்டுச் சொல்லல. பாப்பா மேலுக்குத் தண்ணி வாக்கப் போனப்ப நான் வெளிய வந்து, டேங்கைத் தூக்கி, அந்தக் கப்ளரைக் கழட்டி விட்டேன். இல்லேன்னா லைட்டு எரியாதே. ஒரு வாரம்னுதான் நெனச்சேன். மழை விடட்டும், ஆனை நடமாட்டம் கொறையட்டும், அப்பறம் மாட்டி விட்டுடலாம்னு.

தண்ணி குடிக்கிறீங்களா? பானைத் தண்ணிதான். இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

அந்த ஒரு வாரத்தை நான் சொல்லோணும். காலைல ஏழே காலுக்கு பாப்பாவை என் மொபட்ல உக்கார வச்சு பஸ் ஸ்டாண்டுல விடுவேன். ஏழு இருவது பஸ். அதைவிட்டா ஒம்பது நாப்பது. பொழுதோட அஞ்சரைக்கெல்லாம் வீட்ல இருக்கும். அதுக்குமேல மலைல இருந்து எறங்க பஸ் இல்லையே. ரெண்டு பேரும் சேந்து சாப்பிடுவோம். நான் தோசை ஊத்துவேன், அது சட்னி அரைக்கும். அன்னன்னைக்கு நடந்ததைச் சொல்லும். எந்த மாடு ஒதைச்சுது, எந்தக் கெழவி பலாப்பழம் குடுத்துச்சுன்னு. ஒம்பது மணிக்குக் கதவைத் தாப்பாப் போட்டா வீட்டுக்குள்ள ரெண்டு உசுரு இருக்கும். நான் எனக்காகச் செய்யலீங்க. அதோட நல்லதுக்குத்தான். ஆனா அந்த வாரம் நான் நல்லாத் தூங்கினேன்.

ஒரு வாரம் ரெண்டு வாரமாச்சு. இப்பத்தான் வம்பே ஆரம்பிக்குது. தினமும் காலைல அதைப் பஸ் ஏத்தி விட்டுட்டு வந்து நான் வண்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காரோணும். இல்லேன்னா அக்கம்பக்கம் பாத்துட்டு, "உங்கப்பா சும்மாதான இருந்தாரு"ன்னு சொல்லிட்டா? கோளாறே இல்லாத வண்டியை ஒருத்தன் தினமும் நாலு மணி நேரம் நோண்டறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. கழட்டினதையே கழட்டி, தேச்சதையே தேச்சு. பக்கத்து வீட்டு வாத்தியார் காம்பவுண்டு மேல கையை வச்சுக்கிட்டு, "என்ன நாச்சி, ஊருக்கே கரண்ட்டு குடுத்த, இந்த ஒத்த லைட்டு அணைய மாட்டேங்குதா?"ன்னு கேப்பாரு. சிரிச்சுக்குவேன். முப்பத்திநாலு வருஷப் பேரு, காம்பவுண்டு ஓரமா நின்னு ஒருத்தர் சிரிக்கற அளவுக்கு வந்துடுச்சு. பரவால்லைன்னு பொறுத்துக்கிட்டேன். எதுக்காக? மகளுக்காகத்தான?

மூணாவது வாரம் பாப்பாவே சாதிக்கை அனுப்பிடுச்சு. லைட்டு என்னன்னு பாக்கற ஒரு மிஷினோட வந்து நிக்கறான். சொருகினா அஞ்சு நிமிஷத்துல சொல்லிடும்னான். கேட்டுலயே நிறுத்தி, "கண்டுபுடிச்சாச்சு சாதிக், சென்சார் போயிடுச்சு. கோயமுத்தூருக்குச் சொல்லி விட்டிருக்கேன்"னேன். அவன் போயிட்டான். ஆனா போறப்ப பாப்பாவுக்குப் போன் போட்டு அதையே சொல்லிட்டான்.

பொழுதோட வந்ததும் கேட்டுச்சு, "எந்த சென்சார்ப்பா?" நான் பேரைச் சொன்னேன். அது போன்ல குறிச்சுக்கிச்சு. ஞாயித்துக்கிழமை காலைல எந்திரிச்சுப் போச்சு. ஒறம்பரை, யாராச்சும் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகுதுன்னு நெனச்சேன். ரெண்டு பஸ் மாறி ஈரோட்டுக்குப் போயிருக்குது. கடை கடையா ஏறி எறங்கி, பொழுதோட வந்து என் கைல ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் குடுத்துச்சு. புது சென்சார். "இதானப்பா? நம்பர் பாத்துத்தான் வாங்கினேன்."

அந்தப் பெட்டி கைல இருந்தப்ப எனக்கு வந்த நெலமையை எப்படிச் சொல்றது? மாட்டித்தான் ஆகோணும். மாட்டினா லைட்டு அணையும். அணைஞ்சா வண்டி போயிடும். அது பக்கத்துலயே உக்காந்துச்சு. புது சென்சாரை மாட்டினேன். கப்ளரை மட்டும் மாட்டற மாதிரி வச்சு, மாட்டாம விட்டேன். "சாவி போடு அம்மிணி"ன்னேன். போட்டுச்சு. மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

அப்படியே தரைல உக்காந்துடுச்சுங்க. நல்ல துணி போட்டிருந்துச்சு, ஈரோட்டுக்குப் போயிட்டு வந்த துணி. அதோட அந்த எண்ணெய்த் தரைல உக்காந்து, ரெண்டு கையையும் மடில போட்டுக்கிட்டு அந்த லைட்டையே பாத்துச்சு. "வித்துடலாமாப்பா?"ன்னுச்சு. "பொறுமையா இரு அம்மிணி, கரண்ட்டு வேலைல பொறுமைதான் முக்கியம்"னு சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்கறீங்க. உங்க மொகத்துலயே தெரியுது. எப்படிச் சொல்றது? முதல் வாரம் சொல்லியிருந்தா சிரிச்சிருக்கும். ரெண்டாவது வாரம்னா கோவிச்சுக்கிட்டு ஒரு நாள் பேசாம இருந்திருக்கும். ஈரோட்டுக்குப் போயிட்டு வந்ததுக்கப்பறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை கனமாகிக்கிட்டே போச்சு. கம்பத்து மேல ஏறி நின்னுக்கிட்டு, எறங்கற வழியை நானே புடுங்கிப் போட்ட மாதிரி.

புரட்டாசி பொறந்துடுச்சு. ஒரு வெள்ளிக்கிழமை. காலைல ஆறரை இருக்கும், பாப்பாவுக்குப் போன் வந்துச்சு. ஆலங்கொம்பைன்னு மலைமேல ஒரு ஊரு. அங்க புட்டம்மான்னு ஒரு அம்மா. ஆளில்லாத பொம்பளை, ஒரே ஒரு கறவை மாடு. கன்னு ஈண முக்கிக்கிட்டுக் கெடக்குது, கன்னுக்குட்டி தலை மட்டும் வெளிய தெரியுது, காலு வரலைன்னு அழுகை. பாப்பா போனை ஒலிபெருக்கில போட்டுக்கிட்டே பையை எடுத்துச்சு. எனக்கும் கேட்டுச்சு. "ஒரு கால் உள்ள மடங்கியிருக்கும் புட்டம்மாக்கா. இழுக்காதீங்க. யாரையும் இழுக்க விடாதீங்க. நான் வந்து நேராக்கிடறேன்."

பஸ்ல போனா எறங்கி மூணு கிலோமீட்டர் நடக்கோணும். ஒம்பதரையாகும். வண்டின்னா ஒரு மணி நேரத்துல மாட்டுப்பட்டி வாசல்லயே போய் எறங்கலாம். வாடகை ஜீப்புக்காரருக்குப் போன் போட்டுச்சு, அவரு வெளியூர்ல. சாதிக் எடுக்கல. என் மொபட்டு அந்த மேட்டுல பாதி கூட ஏறாது. எங்கிட்ட வந்து நின்னுச்சு.

"அப்பா, எப்படியாவது ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட வைக்க முடியுமா?"

"முடியும் அம்மிணி. பத்து நிமிஷம் இரு"ன்னேன்.

நெசமாத்தான் சொன்னேன் தம்பி. மாட்டி விட்டுடலாம்னுதான். ஒரு அமுக்கு, ஒரே ஒரு அமுக்கு. டேங்கைத் தூக்கினேன். பாத்தா பக்கத்துல நிக்குது. போன்ல லைட்டைப் போட்டு, நான் கை வைக்கற எடத்துக்கெல்லாம் வெளிச்சம் காட்டுது. அந்தக் கப்ளர் கழண்டு கெடக்கறதைப் பாத்துட்டா? இத்தனை நாள் தேடினது இதானான்னு கேட்டா? உள்ளங்கையால மூடிக்கிட்டேன். "போய் மீட்டரை எடுத்துட்டு வா"ன்னேன். "இந்தாங்கப்பா"ன்னு நீட்டுச்சு, முன்னாலயே எடுத்து வச்சிருக்குது. "குடிக்கத் தண்ணி"ன்னேன். ஓடுச்சு, நான் கையை எடுக்கறதுக்குள்ள சொம்போட வந்துடுச்சு. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா புட்டம்மா. "கெளம்பிட்டேன்க்கா, வண்டி எடுத்துட்டேன்க்கா"ன்னு பாப்பா பொய் சொல்லுது. அது பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல.

அந்தக் கையை நான் எடுக்கவே இல்லீங்க. இன்னொரு கையால வேற வேற ஒயரை இழுத்துப் பாத்துக்கிட்டு, "இதோ, இதோ"ன்னு சொல்லிக்கிட்டு நின்னேன். மணியைப் பாக்க மறந்துட்டோம். ஏழு இருவது பஸ்ஸும் போயிடுச்சு.

ஒம்பது நாப்பதுலதான் போச்சு.

பொழுதோட வந்துச்சு. கையெல்லாம் கழுவியிருந்துச்சு, ஆனா சட்டை தோள் வரைக்கும் ரத்தக் கறை. பொறுக்க மாட்டாம ஊர்க்காரங்க கவுறு போட்டு இழுத்திருக்காங்க. கன்னும் போச்சு, மாடும் போச்சு. பாப்பா போய்ச் சேர்றப்ப மாட்டுக்குக் கண்ணு மட்டும் அசைஞ்சுதாம். சாப்பிடு அம்மிணின்னேன். பசிக்கலைன்னு போய்ப் படுத்துக்கிச்சு. நான் ரெண்டு தோசையை ஊத்தி மூடி வச்சேன். காலைல வரைக்கும் அப்படியே இருந்துச்சு.

அன்னைக்காவது நான் மாட்டியிருக்கோணும். அதையும் செய்யல. இப்ப மாட்டினா, காலைல ஏன் முடியலைன்னு கேக்குமே.

ஞாயித்துக்கிழமை நான் சந்தைக்குப் போயிருந்தேன். பாப்பா வண்டியோட குடுத்த புஸ்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டுப் படிச்சிருக்குது. அந்த மஞ்ச லைட்டு சும்மா எரியறதில்லையாம், கண்ணு சிமிட்டிக் கணக்குச் சொல்லுமாம். நீளமா எத்தனை, சின்னதா எத்தனைன்னு எண்ணிப் பாத்தா எந்தச் சென்சார்னு தெரிஞ்சுடுமாம். எனக்கே தெரியாது. எண்ணிப் பாத்து, டேங்கைத் தானே தூக்கி, ஒயரைத் தடவிக்கிட்டே போயிருக்குது.

நான் காய்கறிப் பையோட வர்றப்ப வண்டி ஓடற சத்தம் கேட்டுச்சு. அருமையான சத்தம். மீட்டர்ல லைட்டு இல்ல. பாப்பா வண்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்துச்சு, கைல ஒரு கறுப்பு டேப்புச் சுருள். கழட்டின கப்ளர்ல தூசி தண்ணி போகக்கூடாதில்லைங்களா, அதனால ஒவ்வொரு தடவையும் டேப்பு சுத்தி வைப்பேன். வேலைல சுத்தம் வேணுமே. டேப்பு சுத்தினா நுனியைச் சித்த மடிச்சு விடுவேன், மறுபடி பிரிக்கத் தோதா. சின்ன வயசுல அதுக்கும் அப்படித்தான் சுத்தக் கத்துக் குடுத்திருக்கேன்.

"இது எப்பருந்துப்பா?"

நான் பையைக் கீழ வச்சேன். "மூணாம் நாள்ல இருந்து அம்மிணி."

"லைட்டு வந்த மூணாம் நாளா?"

"ஆமா."

அது மனசுக்குள்ள கணக்குப் போடறது தெரிஞ்சுது. ஈரோட்டுல வந்து நின்னுச்சு, சென்சார்ல வந்து நின்னுச்சு. அப்பறம் மொகம் மாறிடுச்சு.

"வெள்ளிக்கிழமை காலைல?"

"அன்னைக்கும்தான்."

கத்தலீங்க. கத்தியிருந்தா நான் ஆனையைப் பத்திச் சொல்லியிருப்பேன், வளைவைப் பத்திச் சொல்லியிருப்பேன். எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அது எஞ்சினை அணைச்சுட்டு, "நான் போய்ச் சேந்ததும் புட்டம்மாக்காகிட்ட, வழில வண்டி நின்னுடுச்சுன்னு பொய் சொன்னேன்ப்பா. வண்டி ரிப்பேருதான, அது பொய்யே இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்"னுச்சு. அவ்வளவுதான். உள்ள போய் ஒரு பையில துணியை எடுத்து வச்சுக்கிச்சு. மறு நாள் காலைல வண்டில ஏறிப் போச்சு. மேல ரூம் பாத்துக்கிச்சுன்னு ஓசூர்ல இருந்து அவங்கம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

உங்க கூட்டாளி இன்னும் வரலையே. மெஸ்ஸுல கூட்டமா இருக்கும். இருங்க, இன்னும் கொஞ்சம்தான்.

பத்து நாள் இந்த வீட்ல தனியா இருந்தேன். பதினோராம் நாள் ஏழு இருவது பஸ் ஏறிட்டேன். பாப்பாவைப் பாக்க இல்ல. ஆலங்கொம்பைக்கு. எறங்கி மூணு கிலோமீட்டர் நடந்தேன். புட்டம்மா வாசல்ல ராகி காய வச்சுக்கிட்டிருந்துச்சு. என் வயசு இருக்கும். நான் டாக்டரம்மாவோட அப்பான்னு சொன்னேன். கும்புடு போட்டு, உக்கார மணைக்கட்டையை எடுத்துப் போட்டுச்சு. மாட்டுப்பட்டி காலியா இருந்துச்சு, சுத்தமாக் கூட்டி வச்சிருந்துச்சு. அதுல ஒரு பல்பு ஒயர் அறுந்து தொங்கிட்டிருந்துச்சு. என் கை சும்மா இருக்குமா? பைல எப்பவும் ஸ்க்ரூ டிரைவர் வச்சிருப்பேன். அதைச் சரி பண்ணி எரிய வச்சேன். சந்தோசப்படும்னு பாத்தா, "இனி எதுக்கு அங்க வெளிச்சம்?"னுச்சு.

அப்பறம் அதுவே பேச்செடுத்துச்சு. நல்ல பொண்ணுதான் உங்க மக, ஆனா அவசரத்துக்கு ஆகாதுங்க அண்ணா, பஸ் பாத்து வர்ற பொண்ணு, வண்டி எடுத்துட்டேன் வண்டி எடுத்துட்டேன்னு பொய்யாச் சொல்லுச்சு, அதை நம்பித்தான் நாங்க வேற யாரையும் கூப்புடல, இப்ப ஊர்ல யாரும் அதுக்குப் போன் போடறதில்ல, வேற ஆளைக் கூப்பிடறோம்னு. என் மொகத்துக்கு நேரா. என்ற மகளை.

சொல்லிட்டேன் தம்பி. "வண்டி நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான்தான் ஒயரைப் புடுங்கி வச்சேன். அதுக்குத் தெரியாது"ன்னேன். அந்தம்மாவுக்குப் புரியல. மறுபடி சொன்னேன். ரெண்டாம் தடவை புரிஞ்சுது. ராகியைத் தள்ளிக்கிட்டிருந்த கை நின்னுடுச்சு.

"எதுக்கு?"ன்னு கேட்டுச்சு.

ஆனைன்னு சொல்ல வாயெடுத்தேன். வளைவுன்னு சொல்ல வாயெடுத்தேன். அந்தம்மா காலைல அந்தக் காட்டுக்குள்ளதான் வெறகுக்குப் போயிட்டு வந்திருக்குது. கட்டு இன்னும் அவுக்காம செவுத்துல சாஞ்சு நிக்குது.

அந்தம்மா அழும், மண்ணை வாரித் தூத்தும்னு நெனச்சேன். அதையெல்லாம் வாங்கிக்கத்தான் போனேன்.

"உன் மக பத்திரமா இருக்கறாளா?"

"இருக்கறாம்மா."

"சரி, போ"ன்னுச்சு. மறுபடி ராகியைத் தள்ள ஆரம்பிச்சுடுச்சு.

அதுவரைக்கும் நீங்க, அண்ணான்னு பேசின பொம்பளை. இத்தனை வருஷத்துல ஆபீஸர் யாரும் என்னை அப்படிப் 'போ'ன்னு சொன்னதில்ல. நடந்து வந்து பஸ்ஸுக்கு மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன்.

போன வாரம் வாத்தியார்தான் சொன்னாரு, ஆலங்கொம்பைக்காரங்க மறுபடி பாப்பாவைக் கூப்பிடறாங்களாம். புட்டம்மாதான் ஊர்ல சொல்லியிருக்கும். என்ன சொல்லுச்சோ, என்னையும் சேத்துத்தான் சொல்லியிருக்கும். அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா ஒண்ணு நீங்களே நெனச்சுப் பாருங்க, நான் போய்ச் சொன்னதனாலதான பேரு திரும்புச்சு? அதையாச்சும் அது நெனைக்கோணுமில்ல? ஒரு போன்? ஒரே ஒரு போன்? கட்டிலுக்கு ஆளை அனுப்புது.

ஆ, வந்துட்டாரு. வாங்க தம்பி, சாப்பிட்டாச்சா? நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம். மெதுவா. வாசல் நிலைல இடிக்காம. ம்... அவ்வளவுதான். ஏத்தியாச்சு.

தம்பி, ஒண்ணு செய்யலாமா? அந்தப் பீரோ கண்ணாடி வச்சது. வளைவுல ஆடினா ஒடைஞ்சுடும். நான் பின்னால உக்காந்து புடிச்சுக்கிட்டு வர்றேன். திரும்பறப்ப பஸ்ல வந்துக்கறேன். எனக்கென்ன வேலை?

என்னது?

என்னை ஏத்திட்டு வரக்கூடாதுன்னா சொல்லுச்சு? சீட்டுலயா, வாயிலயா?

சரி. சரிங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, சொன்னதைச் சொல்றீங்க. அப்ப போர்வையைச் சுத்திக் கட்டுங்க. இந்தப் போர்வை வேண்டாம், உள்ள கனமா ஒண்ணு இருக்கு, தர்றேன். கயித்துல முடிச்சுப் போடறப்ப கண்ணாடிப் பக்கம் வராம பாத்துக்கங்க.

இப்பக் கெளம்பினா அஞ்சுக்குள்ள போயிடுவீங்க. போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க தம்பி. நம்பரைச் சொல்றேன், குறிச்சுக்கங்க. அதுக்குத் தெரிய வேண்டாம், சித்தத் தள்ளி வந்து போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். வீட்டு முன்னால வண்டி நிக்குதான்னு மட்டும் பாத்துச் சொன்னாப் போதும். கறுப்பு வண்டி. நின்னா நிக்குதுன்னு சொல்லுங்க.

நிக்கலைன்னாலும் சொல்லுங்க.